ஏற்கெனவே உள்ள குறிப்பு

சின்னவனுக்கு வயது நாற்பத்து மூன்று. மீசையில் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு இளைய பிள்ளை என்பதால் அவன் சின்னவன், ஊருக்கும் சின்னவன். பெரியவன் என்று ஒருவன் உயிரோடு இருந்து டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் இந்தப் பெயர் அவனை விடப் போவதில்லை. நகரத்தில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் எல்லோரும் அவனை 'கிராமம்' என்று கூப்பிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்த அன்று டீக்கடையில், "டவுன்காரர் வந்துட்டாரு" என்றார்கள். இரண்டுக்கும் அவன் திரும்பிப் பார்த்தான். எது சரி என்று யோசிக்கிற சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. மண்வாசனை இழுத்தது, அது இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்பெனி தன் ஆபீஸ் மாடியைக் காலி செய்துவிட்டு, எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டது. அதே மாதம் வீட்டுக்காரரும் காலி பண்ணச் சொன்னார். வேறு வீடு தேட அவனுக்கு அலுப்பாக இருந்தது. ஆறு வருஷம் கூட வாழ்ந்தவள் அதற்கு முன்பே ஒரு சண்டைகூடப் போடாமல் பிரிந்து போயிருந்தாள். இரண்டு பெட்டி, ஒரு லேப்டாப். பஸ் ஏறிவிட்டான்.

அண்ணன் வீட்டின் பின்பக்கம், மாட்டுத்தீவனம் அடுக்கியிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒழித்தது என்றால் மூட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளியது. ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் வரும். அதனால் மேஜையை அங்கே போட்டு, ஆடுகிற காலுக்கு அடியில் ஒரு செங்கல் வைத்தான். கீபோர்டில் எப்போதும் தவிட்டுத் தூசி. மீட்டிங் நடக்கும்போது ஆடு ஒன்று ஜன்னல் கம்பி வழியாக முகத்தை நீட்டும். "புதுசா யாரோ சேர்ந்திருக்காங்க போல" என்று மேனேஜர் ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவனும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

அவன் வேலை இதுதான்: செருப்பு விற்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்வது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிந்திருப்பார், ஒரு தடவை இனிஷியலோடு, ஒரு தடவை இனிஷியல் இல்லாமல். ஒரே வீடு மூன்று எழுத்துப்பிழைகளோடு மூன்று வீடாக நிற்கும். கண்டுபிடித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்க வேண்டும். பதினாலு வருஷம் இதையே செய்ததில், இரண்டாவது தடவை வருகிற எதுவும் தப்பு என்று அவன் கைக்குப் பழகிவிட்டது. டீக்கடையில் யாராவது சொன்ன கதையையே திரும்பச் சொன்னால்கூட அவன் விரல் டெலீட் பட்டனைத் தேடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது, பெட்டியைக் கல்லறைக்கு எடுக்கும் முன், இளைய மகன் ஒரு ஜெபம் செய்யட்டும் என்று போதகர் மைக்கை அவன் கையில் கொடுத்தார். ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் மனப்பாட வசனத்துக்கு முதல் பரிசு வாங்கியவன்தான். வாயைத் திறந்தான், ஒரு வார்த்தை வரவில்லை. கையில் மைக் இருந்தது, எதிரே முகங்கள் இருந்தன. பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது.

"என் குரல் கேக்குதா?"

ஆபீஸ் மீட்டிங்கில் தினம் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை அது. சபைக்கு அது எப்படித் தெரியும்? பெட்டிக்குள் இருக்கிற அப்பாவைக் கேட்கிறான் என்று பாதிப்பேர் நினைத்தார்கள். ஆண்டவரையே கேட்கிறான் என்று மீதிப்பேர். கோயிலே குலுங்கி அழுதது. அழாமல் நின்றவன் அவன் ஒருவன்தான்.

அன்றோடு அவனுக்கு ஜெபம் வராமல் போனது. விசுவாசம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. போயிருந்தால் போனதே என்று ஒரு வருத்தமாவது இருந்திருக்கும். பல்லைப் பிடுங்கும் முன் ஈறில் ஊசி போடுவார்களே, அப்புறம் கன்னத்தைக் கிள்ளினால்கூடத் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது. அந்த மரப்பு மூன்று வருஷமாக இறங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எல்லோரோடும் கண்ணை மூடுவான், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவான், திறந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிக் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கம்பெனி மீட்டிங் போடும் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் மட்டும் அவனைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர்காரனை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அவன் விட்டுவிட்டான்.

இந்த நிலையில்தான் போதகர் அவனைத் தேடி வந்தார். தீவன மூட்டை மேலேயே உட்கார்ந்தார்.

"தம்பி, ஜெபக்குறிப்புப் பெட்டியால எனக்குத் தலைவலி தாங்கல. நீங்கதான் ஒரு வழி பண்ணணும்."

கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. வாரம் முழுக்க ஆட்கள் தங்கள் தேவைகளைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில், போதகருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் ஒவ்வொரு சீட்டாக வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் சபை, "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று சொல்லும். உபதேசியாருக்கு இப்போது கண் மங்கல். போன மாதம் மழையில் நனைந்த ஒரு சீட்டில் 'மருமகளின் சுகப்பிரசவத்துக்காக' என்று இருந்ததை, 'எருமையின் சுகப்பிரசவத்துக்காக' என்று கணீரென்று வாசித்துவிட்டார். சபையும் பயபக்தியோடு கேட்டருளும் என்று சொல்லிவிட்டது. மாமியாரும் மருமகளும் அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தும்கூட இல்லை.

"போன்லயே எழுதி அனுப்பற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. ஞாயித்துக்கிழமை பெரிய எழுத்துல ஒரு பேப்பர் வந்தா போதும்."

சின்னவனுக்கு அது அரைநாள் வேலை. செய்து கொடுத்தான். செய்கிறபோது யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தான். ஒரே போனிலிருந்து அதே வார்த்தைகள் மறுபடி வந்தால் பட்டியலில் ஏறாது. அனுப்பியவருக்குப் பதில் மட்டும் போகும்: 'இந்தக் குறிப்பு ஏற்கெனவே உள்ளது. நன்றி.' யோசித்துச் சேர்த்ததில்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை செய்த காரியம்.

ஆராதனை கால்மணி நேரம் முன்னதாக முடிய ஆரம்பித்தது. போதகருக்கு மெத்த சந்தோஷம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அதைவிட சந்தோஷம். டீக்கடையில், "டவுன்காரரு மூளையே மூளை" என்றார்கள். மூன்று மாதம் இப்படி ஓடியது.

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். ஒரு மத்தியானம் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"தம்பி, அத்தை கோயிலுக்குப் போயி ஆறு வாரம் ஆகுது. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறான். "முழங்கால் வலின்னாங்களே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா?"

"முழங்காலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தினம் கிணத்தடிக்கு நாலு நடை நடக்கறாங்க. பாஸ்டர் அவங்க குறிப்ப ஒதுக்கிட்டாராம். 'போதும், ஏற்கெனவே பாத்தாச்சு'ன்னு போன்லயே பதில் போட்டுட்டாராம். அத யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

சின்னவன் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். அவசரம் என்று ஒன்று அவனுக்குள் வரவில்லை. கையைக் கழுவி, அறைக்குப் போய், ஒதுக்கப்பட்ட குறிப்புகளின் பட்டியலைத் திறந்தான். அதை அவன் இதுவரை ஒரு தடவையும் திறந்து பார்த்ததில்லை.

பதிமூன்று வரிகள் இருந்தன. பதிமூன்றும் ஒரே போனிலிருந்து. அது அம்மாவுடையது.

'சின்னவன் வாய் திரந்து ஜெபிக்கணும்.'

திறந்து என்பதற்குச் சின்ன ர போட்டிருந்தாள். பதிமூன்று இடத்திலும் அதே சின்ன ர. ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள் என்று முதலில் நினைத்தான். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தான். படிவத்தைத் திறந்த நேரமும் அனுப்பிய நேரமும் அங்கே பதிவாகும். சனிக்கிழமை, திறந்தது ஆறு மணி இரண்டு நிமிஷம், அனுப்பியது ஆறு இருபத்தொன்று. அடுத்த சனிக்கிழமை பதினெட்டு நிமிஷம். அதற்கடுத்தது இருபது. கோயிலுக்குப் போவதை நிறுத்திய பிறகும் ஒரு சனிக்கிழமைகூட விட்டுப்போகவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, பதிமூன்று வாரம் தட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் உபதேசியார் வீட்டுக்குப் போய்க் கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அம்மா சீட்டா? அப்பா அடக்கம் முடிஞ்ச அடுத்த வாரத்துல இருந்து வருதே, தம்பி. மூணு வருஷமா. அவங்க சீட்ட நான் பிரிச்சே பாக்கறதில்ல, மனப்பாடம். மிஷின் வந்தப்புறம் மொத வாரம் வந்துச்சு, அப்புறம் காணோம். சரி, சின்னவர் வாயத் தொறந்துட்டார் போல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு நெனச்சுக்கிட்டேன்."

ஆக, மிஷின் வரும் வரைக்கும் வாரந்தோறும் ஊரே அவனுக்காகக் கேட்டிருக்கிறது. டிராக்டர் ரிப்பேர்காரர், டீக்கடைக்காரர், எருமை வீட்டு மாமியார், எல்லோரும். அந்தக் கூடுதல் பார்வைக்கு இப்போது அர்த்தம் புரிந்தது. கேட்பது என்றால் வேண்டுவதும் அதுதான், காதில் வாங்குவதும் அதுதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இரண்டையும் ஓட்டுகிறோம். ஊர் ஒரு கேட்பைச் செய்துகொண்டிருந்தது. இன்னொன்றை, காதில் வாங்குவதை, அவன் எழுதிய ஒரு வரி அடைத்து வைத்திருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மூன்று வருஷத்தில் அவனுக்குள் வந்த முதல் சமாசாரம் அதுதான்.

அம்மா அடுப்படியில் முறம் நிறையப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, சனிக்கிழமை போன்ல ஒரு பதில் வருமே."

"வரும்."

"அது பாஸ்டர் அனுப்பறது இல்ல. மிஷின் அனுப்பறது. அத எழுதினது நான்."

அம்மாவின் கை நின்றது. "நீயா?"

"ஆமா."

"நன்றின்னு போட்டதும் நீதானா?"

"ஆமா."

"அதானே பாத்தேன். பாஸ்டருக்கு இவ்வளவு மரியாதையா அடிக்கத் தெரியாதேன்னு." மறுபடி உரிக்கத் தொடங்கினாள். "நல்லா இருக்குடா. யாருக்காகக் கேட்டேனோ அவனே குறுக்க நின்னு, வேண்டாம், நன்றின்னு சொல்லியிருக்கான்."

"ஒரு தடவை சொன்னா போதும்னு நெனச்சேன்மா. அதான் பட்டியல்ல இருக்குல்ல."

"உங்க அப்பா நாப்பத்தெட்டு வருஷம், தினமும் காலையில, 'எழுந்துட்டியா'ன்னு என்னக் கேட்டாரு. ஏற்கெனவே கேட்டாச்சுன்னா சொன்னேன்?"

சிமெண்டுத் தரை காலுக்குக் குளிர்ந்தது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"நான் ஜெபம் பண்ணலன்னு உனக்கு யார் சொன்னது? சாப்பிடறப்போ தினமும்..."

"அஞ்சு வரைக்கும் எண்ணுற. உதடு அசையுது. எனக்கு எண்ணத் தெரியாதா?"

மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னான். "அன்னைக்கு அப்பா பெட்டி முன்னால நான் கேட்டது, அது சாமியக் கேட்டது இல்லம்மா. ஆபீஸ் மீட்டிங்ல சொல்றது. வாய் தவறி வந்துடுச்சு. ஊரே அழுதுது, நான் சும்மா நின்னேன்."

"தெரியும்டா. பெட்டிக்குப் பக்கத்துல நின்னவ நான். உன் மூஞ்சியப் பாக்காம வேற எதப் பாத்தேன்? அதுக்கப்புறம்தான் எழுத ஆரம்பிச்சேன்."

அவன் பூண்டுத் தோலை ஒரு பக்கமாகக் கூட்டி ஒதுக்கினான். "ஞாயித்துக்கிழமை வாம்மா. எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்."

"எனக்கு முழங்கால் வலி."

"முழங்கால் வலியே இல்லன்னு..." சொல்ல வந்தவன் அண்ணியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இப்ப வந்துடுச்சு," என்றாள் அம்மா.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்குப் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்ச், சுவரோரம். இந்த ஆறு வாரத்துக்கு முன்பு வரை, இரண்டு பிரசவத்துக்கும் ஒரு டைபாய்டுக்கும் மட்டும்தான் அந்த இடத்தை விட்டிருக்கிறாள். பிடிவாதத்தில் அவள் லேசுப்பட்டவள் அல்ல, அவளாக முடிவு செய்தால் இனி கல்லறைக்குத்தான் அந்த வாசல் வழியாகப் போவாள். அப்படி நடந்தால் அது தன் கைவேலை என்று சின்னவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கே அந்த விதியை அழித்தான். அழித்ததும் தேங்கிக் கிடந்த பதிமூன்றும் வரிசையாக அந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் போய் ஏறின. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பன்னிரண்டையும் தூக்க ஒரு விநாடி போதும். விரல் அந்தப் பட்டன் மேல் போய் நின்றது. எடுத்துவிட்டான்.

சனிக்கிழமை மாலை உபதேசியார் பேப்பரோடு மூச்சிரைக்க வந்தார். "தம்பி, மிஷின் கெட்டுப்போச்சு. ஒரே வரி பதிமூணு தடவை வந்திருக்கு."

"கெடல. அது நிலுவை. நாளைக்கு நான் படிக்கறேன், ஐயா."

உபதேசியார் அவனைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். "மீட்டிங் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். மனிதர் கண்தான் மங்கல்.

ஞாயிறு காலை சின்னவன் வாசிப்பு மேடையில் நின்றபோது மூன்றாவது பெஞ்ச் சுவரோரம் காலியாக இருந்தது. போதகர் தலையசைத்தார், ஆரம்பித்தான். ஒருவருக்கு இடுப்புவலி. ஒரு வீட்டுக்குக் கிணற்றில் தண்ணீர். ஒருத்தியின் மகனுக்கு வேலை. ஒவ்வொன்றுக்கும் சபை கேட்டருளும் என்றது. ஏழாவது குறிப்பின்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. அண்ணி முன்னால் வந்தாள், பின்னால் அம்மா. சின்னவர்தான் இன்றைக்கு வாசிக்கிறார் என்ற ஒரு வார்த்தையில் அண்ணி காரியத்தை முடித்திருந்தாள். அம்மா நொண்டவில்லை. நேராகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள், மேடைப் பக்கம் பார்க்கவில்லை.

"சின்னவன் வாய் திறந்து ஜெபிக்கணும்," என்று வாசித்தான்.

பழகிப்போன வாய்கள் சொல்லின: "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்."

"சின்னவன் வாய் திறந்து ஜெபிக்கணும்."

"கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்."

மூன்றாவதில் யாரோ இருமினார்கள். நான்காவதில் பின்பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது, "வரி மாத்தலையே" என்று ஒரு குரல். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. ஐந்தாவதிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. எருமை வீட்டு மாமியார் ஆறாவதை எல்லோருக்கும் முந்திக்கொண்டு உரக்கச் சொன்னாள். பக்கத்தில் கைப்பிள்ளையோடு இருந்த மருமகளும் கூடவே சொன்னாள். சின்னவன் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினான். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று கவனித்தான். ஒன்றும் அசையவில்லை. வாய் திறந்திருக்கிறது, வார்த்தை வருகிறது, அவ்வளவுதான். சரி, வாசிப்போம் என்று வாசித்தான். ஏழு. எட்டு.

ஒன்பதாவது முடிந்து சபை பதில் சொன்னதும் மைக் ஒரு தடவை கரகரத்துவிட்டு நின்றுபோனது. பழைய மைக், அதற்கு இது வழக்கம்தான். சின்னவன் தட்டிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். எதிரே முகங்கள் இருந்தன.

"என் குரல் கேக்குதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கோயில் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் அதற்குள் கைக்குட்டையை எடுத்துவிட்டார். போதகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"கேக்குதுடா. இன்னும் நாலு இருக்கு, படி."